மணலில் வீங்கிய காலடிகள்

பெறாமகள் ஒருநாள் பின்னேரம் காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குப் போய்வந்து, எடுத்த படங்களைப் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தாள். சவுக்கு மரங்கள், முழங்கால் அளவுக்கு மேல் ஆழமில்லாத கடல், நனைந்த பாவாடையோடு தோழிகள். ஒரு படத்தில் அவள் விரல் நின்றது. ஈர மணலில் அவர்கள் நடந்துபோன காலடிகள்.

"சித்தப்பா, இதைப் பாருங்கோ. காலடி எல்லாம் மேலை வீங்கி நிக்குது. மிதிச்ச இடம் பள்ளமாத்தானே இருக்கவேணும்?"

உண்மைதான். படத்தில் ஒரு பள்ளம்கூட இல்லை. களிமண்ணில் பாதங்கள் செய்து மணலின் மேல் ஒட்டிவைத்ததுபோல் குதியும் விரல்களும் புடைத்து நின்றன. அவள் போனைத் தலைகீழாகத் திருப்பினாள். போனோடு சேர்ந்து படமும் திரும்பி நிமிர்ந்துகொண்டது. போனை மேசையில் படுக்கவைத்துவிட்டு மேசையின் மற்றப் பக்கம் போய் நின்று பார்க்கச் சொன்னேன். போனவள் அசையாமல் நின்றாள். அங்கிருந்து பார்க்க, காலடிகள் எல்லாம் பள்ளம். என் பக்கம் திரும்பி வந்தாள், மறுபடியும் வீக்கம்.

மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவள் நடந்ததில் படத்தின் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மாறியது அவளுடைய மூளை எடுத்த முடிவு. அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துப் பார்க்க விரும்புகிறேன். ஏனென்றால், கண்ணைத் திறந்தால் உலகம் தானாக உள்ளே வந்து விழுகிறது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரை, பெயருக்கேற்ப ஒரு திரைதான். அதில் விழும் பிம்பத்துக்கு அகலமும் உயரமும் உண்டு, ஆழம் இல்லை. அங்குள்ள கோடிக்கணக்கான ஒளியுணர் கலங்களில் ஒவ்வொன்றும் சொல்லக்கூடியது ஒரே விடயம்: என் மேல் இவ்வளவு வெளிச்சம் விழுகிறது. பள்ளம், மேடு, கறுப்பு, வெள்ளை, நிழல் ஆகிய எதுவும் அந்தச் செய்தியில் இல்லை.

இதன் சிக்கலைப் புரிந்துகொள்ளச் சந்தைக்குப் போவோம். "நேற்று மூவாயிரம் ரூபாவுக்கு மீன் வாங்கினேன்" என்று ஒருவர் சொல்கிறார். எத்தனை கிலோ வாங்கினார்? சொல்ல முடியாது. விலை மலிந்த மீனை நிறைய வாங்கியிருக்கலாம். விலை கூடிய மீனில் கொஞ்சம் வாங்கியிருக்கலாம். விலையும் நிறையும் பெருகிவந்த தொகை மட்டுமே எங்கள் கையில் இருக்கிறது. ஆனால் நேற்றைய விலை உங்களுக்குத் தெரிந்திருந்தால் கணக்கு ஒரு நொடியில் முடிந்துவிடும்.

விழித்திரைக்கு வருவதும் இப்படியான ஒரு தொகைதான். விழுந்த ஒளியின் பலம், பொருளின் நிறம், ஒளியை நோக்கி அதன் பரப்புச் சாய்ந்திருக்கும் கோணம் ஆகிய மூன்றும் கலந்து ஒரே அளவாகிக் கண்ணுக்குள் நுழைகின்றன. மூன்றையும் திரும்பப் பிரித்தெடுப்பது மூளையின் வேலை. தொகையை மட்டும் வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது. ஆகவே மூளை "நேற்றைய விலை" ஒன்றைத் தானாகவே போட்டுக்கொள்கிறது. பள்ளிக்கூடக் கணிதத்தில் நாங்கள் எடுகோள் என்று படித்த சொல் இதற்கு நன்றாகப் பொருந்தும்.

மூளை இந்தப் பிரிப்பை எவ்வளவு திறமையாகச் செய்கிறது என்பதற்கு ஒரு காகம் போதும். நடுப்பகல் வெயிலில் கிடுகு வேலியின் மேல் ஒரு காகம் இருக்கிறது. வீட்டுக்குள் கொடியில் ஒரு வெள்ளை வேட்டி தொங்குகிறது. இரண்டிலிருந்தும் உங்கள் கண்ணுக்கு வரும் ஒளியைக் கருவியால் அளந்தால், வெயிலில் இருக்கும் காகம் வேட்டியைவிடப் பல மடங்கு அதிகமான ஒளியை அனுப்பிக்கொண்டிருக்கும். காகம் தன் மேல் விழும் வெளிச்சத்தில் மிகச் சிறிய பங்கைத்தான் திருப்புகிறது. ஆனால் யாழ்ப்பாணத்து மத்தியான வெயில் அவ்வளவு பலமானது. அப்படியிருந்தும் காகத்தை வெள்ளையென்றோ வேட்டியைக் கறுப்பென்றோ யாரும் கண்டதில்லை. மூளை சுற்றுப்புறத்தைப் பார்த்து, அங்கே வெளிச்சம் அதிகம், இங்கே குறைவு என்று முதலில் மதிப்பிட்டு, அந்த மதிப்பைக் கழித்த பிறகுதான் நிறத்தை எங்களிடம் ஒப்படைக்கிறது. கழித்தது எங்களுக்குத் தெரியாது. விடை மட்டும் தெரியும்.

இனிக் காலடிக்கு வரலாம். ஒரு பள்ளத்தின் மேல் வெயில் சாய்வாக விழுந்தால், வெயில் வரும் பக்கத்துச் சுவர் நிழலில் இருக்கும். எதிர்ச்சுவர் பளிச்சென்று தெரியும். ஒரு மேட்டில் இது நேர்மாறு: வெயில் வரும் பக்கம் பளிச்சிடும், மறுபக்கம் இருட்டாகும். அதாவது, இடமிருந்து வெயில் அடிக்கும் மேடும், வலமிருந்து வெயில் அடிக்கும் பள்ளமும் படத்தில் ஒன்றுதான். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது தெரியாதவரை மேடா பள்ளமா என்று தீர்க்க வழியே இல்லை. மூளை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளும் எடுகோள் மிக எளியது: ஒளி மேலிருந்து வருகிறது.

பெறாமகள் படம் எடுத்தபோது பின்னேர வெயில் அவளுடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதனால் படத்தில் ஒளி கீழ் விளிம்பின் பக்கத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு காலடியின் மேல்விளிம்பும் பளிச்சென்றும் கீழ்விளிம்பு இருண்டும் பதிவாகியிருந்தன. மேலிருந்துதான் ஒளி வரும் என்று பிடிவாதமாக நம்பும் மூளைக்கு, மேல்விளிம்பு பளிச்சிட்டால் அது மேடுதான்.

அவளுக்கு இதைச் சொன்னதும் வீட்டின் பின்பக்கம் ஓடிப்போய்க் கிணற்றடியில் கிடந்த அம்மியைப் படமெடுத்து வந்தாள். மிளகாயும் மஞ்சளும் அரைத்து அரைத்து வழுவழுப்பான அம்மியை உளியால் பொளிந்து தருபவர்கள் முன்பெல்லாம் ஒழுங்கை ஒழுங்கையாகக் கூவிக்கொண்டு வருவார்கள். அப்படிப் பொளிந்த கொத்துகள் கல்லில் இன்னும் இருக்கின்றன. படத்தை ஒரு பக்கமிருந்து பார்த்தால் சின்னச் சின்னக் குழிகள். மறுபக்கமிருந்து பார்த்தால் கல் முழுக்கக் கொப்புளம். உங்கள் வீட்டிலும் அம்மியோ ஆட்டுக்கல்லோ இருந்தால் சாய்வெயிலில் படமெடுத்துப் பாருங்கள்.

இந்த எடுகோளை மிகத் தெளிவாக ஆய்ந்து காட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வி. எஸ். இராமச்சந்திரன். துண்டிக்கப்பட்ட கை கால்கள் இன்னும் இருப்பதுபோல் உணர்ந்து வலியில் துடிப்பவர்களுக்கு ஒரு சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடியைக் கொண்டு நிவாரணம் தேடியவர் என்றுதான் அவரைப் பலரும் அறிவார்கள். அதற்கு முன்பு, 1988இல், அவர் செய்த ஒரு வேலை எனக்கு அதைவிட அழகாகப் படுகிறது. அதற்கு வேண்டியது சில வட்டங்கள் மட்டும்தான். ஒவ்வொரு வட்டமும் ஒரு முனையில் வெளுத்து, மறுமுனையை நோக்கிப் போகப்போகக் கறுக்கும். மேல்முனை வெளுத்த வட்டங்கள் முட்டைகள்போல் புடைத்துத் தெரியும். கீழ்முனை வெளுத்தவை பல்லாங்குழிகள்போல் குழிந்து தெரியும். தாளில் இருப்பது சாம்பல் நிறப் பூச்சு மட்டுமே.

அவர் அதோடு நிற்கவில்லை. வெளுப்பை மேலும் கீழும் வைக்காமல் இடமும் வலமுமாக மாற்றினால் என்ன ஆகும்? இப்போது மேலொளி எடுகோள் உதவாது. ஒரு வரிசை மேடாகவும் தெரியலாம், பள்ளமாகவும் தெரியலாம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் மாறி மாறித் தெரியும். ஆனால் ஒரு வரிசை மேடாகும் அதே கணத்தில், எதிர்ப்பக்கம் வெளுத்த அடுத்த வரிசை பள்ளமாகிவிடும். இரண்டையும் ஒரேநேரத்தில் மேடாகக் காண எவ்வளவு முயன்றாலும் முடிவதில்லை. அப்படிக் காண வேண்டுமானால் ஒரு வரிசைக்கு இடமிருந்தும் மற்றதற்கு வலமிருந்தும் ஒளி வர வேண்டும். அதாவது இரண்டு சூரியன் வேண்டும். ஒளி மேலிருந்து வருகிறது என்பதோடு, ஒளி ஒன்றே என்பதும் மூளையின் எடுகோள் என்று இதிலிருந்து தெரியவருகிறது. மின்விளக்குகள் நிறைந்த அறையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இதே முடிவுதான் வருகிறது. மூளை இன்னும் ஒற்றைச் சூரியன் உலகத்தில்தான் குடியிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். மேல் என்றால் எது மேல்? வானம் இருக்கும் பக்கமா, உச்சந்தலை இருக்கும் பக்கமா? இதை நீங்களே சோதிக்கலாம். காலடிப் படத்தைச் சுவரில் நிமிர்த்தி ஒட்டிவிட்டு, அதற்கு முதுகு காட்டி நின்று, குனிந்து உங்கள் இரண்டு கால்களுக்கும் இடையால் பாருங்கள். படம் அசையவில்லை, வானமும் அசையவில்லை, தலை மட்டும் கவிழ்ந்தது, மேடுகள் பள்ளங்களாகிவிடும். மூளை பெரும்பாலும் தலையைத்தான் மேல் என்று கொள்கிறது. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் இதையும் காட்டினார்கள். முதலில் கேட்டபோது எனக்கு இது மூளையின் சோம்பலாகப் பட்டது. யோசித்தால் நல்ல சிக்கனம். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி தலை நிமிர்ந்தே இருக்கிறது. ஒவ்வொரு பார்வைக்கும் வானம் எங்கே என்று காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பிடம் கேட்டுக்கொண்டிருந்தால், பதில் வருவதற்குள் காலடியில் கிடக்கும் கிடங்கில் விழுந்துவிடுவோம்.

மேலொளி எடுகோள் மனிதருக்கு மட்டும் உரியதல்ல என்பதற்குச் சான்று குருநகரிலும் பாசையூரிலும் தினமும் விற்பனைக்கு வருகிறது. ஒரு அறக்குளாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதுகு கருநீலம், விலா வெள்ளி, வயிறு வெள்ளை. சூடைக்கும் பாரைக்கும் அப்படியே. சமைக்கக் கொடுக்கும்போது நாங்கள் கவனிப்பதில்லை. ஆனால் கடலுக்குள் அந்த நிறப்பகிர்வு உயிர்காக்கும் கவசம். ஒரே நிறமான மீன் ஒன்று நீரில் நீந்தினால், மேலிருந்து வரும் ஒளியில் முதுகு பளிச்சிடும், வயிறு இருளும். இரை தேடும் பெரிய மீனின் மூளைக்கு, மேலே வெளுத்துக் கீழே கறுத்த உருவம் என்றால் உருண்டு திரண்ட உடல்; சாப்பிடக்கூடிய ஒன்று. ஆகவே இரைமீனின் தோல் எதிர்த்திசையில் வண்ணம் பூசிக்கொண்டது. வெயில் வெளுக்கவைக்கும் முதுகு கறுப்பு, நிழல் இருட்டும் வயிறு வெள்ளை. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, உடலின் திரட்சி மறைந்து மீன் தண்ணீரோடு கரைந்துபோகிறது. இதை எதிர்நிழற் பூச்சு என்று சொல்லலாம். அமெரிக்க ஓவியரான ஆபட் தேயர் 1896இல் இதை விளக்கி எழுதினார். நிழல் தீட்டித் தட்டையான திரையில் உருட்சி காட்டுவது ஓவியரின் தொழில். அந்த நிழலை அழித்து உருட்சியை மறைக்கும் வித்தையை ஓர் ஓவியர் கண்டுபிடித்ததில் வியப்பில்லை.

ஆபிரிக்க நன்னீரில் ஒரு கெளிறு இனம் மல்லாந்து நீந்தும் பழக்கமுடையது. அதற்கு வயிறு கறுப்பு. இந்த ஒரு மீனே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. கறுப்பு முதுகுக்கு உரியதல்ல, வெயில் படும் பக்கத்துக்கு உரியது என்பதை வேறெந்த வாதமும் இவ்வளவு நேராகச் சொல்லாது.

அப்படியானால் இந்த எடுகோள் பிறப்போடு வருவதா, பார்த்துப் பார்த்துப் பழகுவதா? எங்கள் ஊரில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆவணியிலும் ஒருமுறை அப்படி நிற்கும். இங்கே பிறந்த குழந்தை மேலொளியைப் பழகிக்கொள்வது கடினமல்ல. ஆனால் பழக்கம்தானா? 1970இல் வெய்ன் ஹெர்ஷ்பெர்கர் கோழிக்குஞ்சுகளை அடியிலிருந்து மட்டும் வெளிச்சம் வரும் கூடுகளில் வளர்த்தார். மேலொளியை அவை ஒருநாளும் கண்டதில்லை. மேட்டையும் பள்ளத்தையும் பிரித்தறிய அவற்றைப் பழக்கிவிட்டு, பிறகு படங்களைக் காட்டினார். குஞ்சுகள் ஒளி மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொண்டன. வாழ்நாள் முழுவதும் கண்ட சான்றைவிட, முட்டைக்குள்ளிருந்து கொண்டுவந்த எடுகோள் அவற்றுக்குப் பெரிதாக இருந்தது.

மனிதக் குழந்தைகளில் கதை அவ்வளவு நேராக இல்லை. 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குழந்தைகளின் ஒரு கண்ணை மூடிவிட்டு மேடும் பள்ளமும் உள்ள படத்தைக் காட்டினார்கள். குழந்தை எட்டிப் பிடிக்கும்போது தனக்குக் கிட்டத் தெரிவதைத்தான் பிடிக்கும். 7 மாதக் குழந்தைகள் மேடாகத் தெரியும் பக்கத்துக்குக் கை நீட்டின. 5 மாதக் குழந்தைகளுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. வளர்ந்தவர்களிலும் எடுகோள் இறுகிப்போய்விடுவதில்லை. 2004இல் வெண்டி ஆடம்ஸ், எரிக் கிராஃப், மார்க் எர்ன்ஸ்ட் ஆகிய மூவர், படத்தில் தெரியும் மேடு பள்ளங்களை விரலால் தொட்டுணரவும் வைக்கும் கருவி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். ஒளி சற்றுப் பக்கவாட்டிலிருந்து வந்தால் மட்டுமே பொருந்தும்படி தொடுகையை அமைத்தார்கள். கொஞ்சப் பயிற்சிக்குப் பின், பங்கேற்றவர்கள் எதையும் தொடாமல் பார்க்கும்போதும் அவர்களுடைய மூளையின் "மேல்" அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண்ணுக்கு விரல் பாடம் சொல்லிக்கொடுத்தது.

மூளைக்குள் இதெல்லாம் எங்கே நடக்கிறது? கண் முன்பக்கம் இருந்தாலும், பார்வைச் செய்தி முதலில் போய்ச் சேரும் மூளைமேற்பட்டை பிடரியில் இருக்கிறது. இதை நாங்கள் தெரிந்துகொண்ட வழி வேதனையானது. 1904–05இல் ரசியாவும் யப்பானும் போரிட்டன. ரசியத் துப்பாக்கிகளின் சிறிய, வேகமான சன்னங்கள் மண்டையோட்டை ஒரு பக்கம் துளைத்து மறுபக்கம் வெளியேறின; காயப்பட்ட பலர் உயிர் தப்பினர். அவர்களுக்கு எவ்வளவு ஓய்வூதியம் கொடுப்பது என்று தீர்மானிக்கப் பார்வையிழப்பை அளக்கும் பொறுப்பு தட்சுஜி இனோயே என்ற இளம் கண்மருத்துவரிடம் வந்தது. சன்னம் நுழைந்த துளையையும் வெளியேறிய துளையையும் வைத்து, அது மூளைக்குள் போன பாதையை அவர் கணித்தார். ஒவ்வொருவரும் பார்வைவெளியின் எந்தத் துண்டை இழந்திருக்கிறார் என்று அளந்து, இரண்டையும் பொருத்திப் பார்த்தார். பிடரி மேற்பட்டையில் பார்வைவெளியின் ஒரு வரைபடம் ஒழுங்காக விரிந்து கிடந்தது. அந்த வரைபடத்தில் எல்லா இடமும் ஒரே அளவில் இல்லை. பார்வையின் நட்ட நடுவில் இருக்கும் சின்னப் பகுதிக்கு மிகப் பெரிய காணி ஒதுக்கப்பட்டிருந்தது; ஓரங்களுக்குச் சிறு துண்டு நிலங்கள். 1909இல் அவர் இதை நூலாக வெளியிட்டார்.

இதை வாசித்த நாளில் எனக்கு நெருக்கமான ஒருவருடைய முகம்தான் நினைவுக்கு வந்தது. போர்க்காலத்தில் பிடரியின் வலப்பக்கம் ஷெல் துண்டு பட்டவர். இரண்டு கண்ணும் நல்ல நிலையில் இருக்கின்றன; ஆனால் உலகத்தின் இடப்பாதி அவருக்கு இல்லை. படலையால் வரும்போது இடது தோள் தூணில் இடிக்கும். கோப்பையில் இடப்பக்கத்துச் சோறு மிஞ்சிக் கிடக்கும். "அந்தப் பக்கம் கறுப்பாத் தெரியுதோ அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன். "இல்லைத் தம்பி. உனக்கு முதுகுக்குப் பின்னாலை கறுப்பாவே தெரியுது? ஒண்டுமில்லை. அவ்வளவுதான்" என்றார். கண் கெட்டவருக்குத் தெரியும் இருட்டு வேறு. பார்க்கும் மூளையே போனவருக்கு இருட்டும் இல்லை.

அந்த மேற்பட்டையில் உள்ள ஒவ்வொரு நரம்புக்கலமும் என்ன செய்கிறது என்பது 1958இல் தெரியவரத் தொடங்கியது. டேவிட் ஹூபெல், டோர்ஸ்டன் வீசல் இருவரும் மயக்கத்தில் இருந்த பூனையின் மூளையில் நுண்ணிய மின்முனையைச் செருகி, திரையில் கரும்புள்ளிகளையும் ஒளிப்புள்ளிகளையும் காட்டிப் பார்த்தார்கள். மணிக்கணக்காகக் கலம் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடித் தகட்டை மாற்றிச் செருகிய ஒரு தருணத்தில் அது படபடவென்று வெடித்தது. புள்ளி காரணமில்லை, தகட்டின் விளிம்பு திரையில் வீழ்த்திய மெல்லிய நிழற்கோடு ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகர்ந்ததுதான் காரணம். சில கலங்கள் நிமிர்ந்த கோட்டுக்கு, சில படுத்த கோட்டுக்கு, சில சாய்ந்த கோட்டுக்கு. விளிம்புகளாகப் பிரித்து எடுத்த உலகத்தை, அடுத்தடுத்த பகுதிகள் மூலையாக, வளைவாக, பொருளாக, முகமாகக் கட்டியெழுப்புகின்றன. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கட்டும் வேலை ஒருவழிப் பாதையில் நடக்கவில்லை. கண்ணிலிருந்து வரும் செய்தி மேற்பட்டைக்குப் போகுமுன் மூளையின் நடுவில் ஓர் இடைநிலையத்தில் கைமாறுகிறது. அந்த நிலையத்துக்கு வரும் நரம்பிணைப்புகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் கண்ணிலிருந்து வருகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி மூளையின் மற்ற இடங்களிலிருந்து, முக்கியமாக மேற்பட்டையிலிருந்தே, கீழ்நோக்கி வருகிறது. கண் அனுப்பும் கடிதத்தை வாசிக்குமுன்பே மேலிடத்து எதிர்பார்ப்புகள் அதன் ஓரத்தில் குறிப்பெழுதிவிடுகின்றன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொன்னவர்கள் இந்த நரம்புகளைக் கண்டதில்லை. அவற்றின் வேலையை நன்றாகக் கண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எங்கள் சொந்தச் சொத்து ஒன்றை நினைவுகூர வேண்டும். உடலைப் பற்றிய நவீன அறிவைத் தமிழில் படிப்பிக்க முடியும் என்று காட்டிய ஊர் மானிப்பாய். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழில் வந்தது. அதற்கும் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே, நாம் அறிவது எப்படி என்ற கேள்விக்கு நுட்பமான சொற்கள் தமிழில் இருந்தன. சைவசித்தாந்தம் படித்தவர்களுக்கு அளவைகள் தெரியும்: காட்சி, கருதல், உரை. நேரே காண்பது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது கருதல். கயிற்றைப் பாம்பாகக் காண்பது திரிவுக் காட்சி.

ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867இல் முன்வைத்த கருத்தை இந்தச் சொற்களில் சொன்னால் அதன் கூர்மை நன்றாகத் தெரியும்: ஒவ்வொரு காட்சிக்குள்ளும் ஒரு கருதல் ஒளிந்திருக்கிறது. பாஸ்ராவில் பிறந்த இப்னு அல் ஹைதம், கண்டறிதலுக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது என்று 11ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருந்தார். புகையிலிருந்து நெருப்புக்குப் போவதை நாங்கள் உணர்ந்து செய்கிறோம். நிழலிலிருந்து பள்ளத்துக்குப் போவதை மூளை எங்களைக் கேட்காமல் செய்கிறது. இதை அறியாக் கருதல் என்று அழைக்க எனக்கு ஆசை.

அறியாதது என்பதால்தான் அறிவு அதைத் திருத்த முடியவில்லை. முகமூடி ஒன்றின் உட்பக்கத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு சற்றுத் தூரத்திலிருந்து பாருங்கள். குழிந்த மூக்கு வெளியே நீட்டித் தெரியும். பிரித்தானிய உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரி இதைப் பல காலம் ஆராய்ந்தார். குழி என்று தெரிந்தாலும், கையால் தொட்டுப் பார்த்தாலும், முகம் என்றால் புடைத்துத்தான் இருக்கும் என்ற எடுகோள் விட்டுக்கொடுப்பதில்லை.

எடுகோள்கள் இன்னும் நிலைபெறாத கண் எப்படிப் பார்க்கும்? 1688இல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மொலினியூ, தத்துவ அறிஞர் ஜோன் லொக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தடவி அறிந்திருக்கிறார். அவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்தே எது எதுவென்று சொல்வாரா? முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் விடை இந்தியாவிலிருந்து வந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம், பிறவிக் கண்புரை நீக்கப்படாமல் வளர்ந்த இந்தியச் சிறுவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து பார்வை கொடுக்கிறது. அப்படிப் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையான ஐவரிடம் செய்த சோதனையின் முடிவு 2011இல் வெளியானது. கட்டவிழ்த்த உடனே, கையால் அறிந்த பொருளைக் கண்ணால் இனங்காண அவர்களால் முடியவில்லை. சில நாட்களில் முடிந்தது.

அதே திட்டத்தில் 29 வயதில் முதன்முதலாகத் தெளிவாகப் பார்க்கத் தொடங்கிய ஒருவருக்கு, ஒரு சதுரமும் ஒரு வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் இரண்டாகத் தெரியவில்லை. வெட்டிக்கொள்ளும் கோடுகள் உண்டாக்கிய மூன்று துண்டுகளாகத் தெரிந்தன. ஆனால் சதுரம் நகரத் தொடங்கியதும் அது சதுரமாகப் பிரிந்து வந்தது. சேர்ந்து அசைவன ஒரே பொருள் என்ற எடுகோள்தான் அவருடைய மூளைக்கு முதலில் கைகொடுத்தது. வடலிகளுக்கிடையே நிற்கும் மாடு அசையும்வரை எங்கள் கண்ணுக்கும் அகப்படுவதில்லை.

அன்றிரவு அம்மியின் படத்தைப் பெறாமகள் என் அம்மாவிடம் கொண்டுபோனாள். கொப்புளமாகத் தெரியும் பக்கத்தைத்தான் காட்டினாள். நாற்பது வருடம் அந்த அம்மியில் அரைத்தவர் அம்மா. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது எங்கடை அம்மி இல்லைப் பிள்ளை. இது கொப்புளம் போட்ட கல்லு."

"எங்கடைதான் அப்பம்மா. வடிவாப் பாருங்கோ. மூலையிலை உடைஞ்சு கிடக்கெல்லே."

அம்மா மூலையைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். பிறகு வலக்கைச் சுட்டுவிரலை நீட்டி, அந்தப் பொளிவுகள் இருக்க வேண்டிய இடத்தில் மெதுவாகத் தடவினார். படம் நகர்ந்துபோய், அடுத்த படமாகக் கடல் வந்தது.